கைக்குக் கிடைத்த ஆயுதத்தை மறுத்தவர்: வெள்ளைச் சாலமாண்டர் கடித வழக்கு

1984 மார்ச் மாதம் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு சிறிய செய்தி மடல் அச்சாகி வெளிவந்தது. அதை அச்சிட்டவர் ஜெரால்ட் டானர். மார்மன் சபையைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே சபையைவிட்டு வெளியேறி, அதன் தோற்ற வரலாற்றைக் கேள்வி கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவந்தவர் அவர். அந்த நகரத்து விசுவாசிகளில் பலருக்கு அவர் பெயரைக் கேட்டாலே முகம் கறுத்துவிடும். அந்த மார்ச் மாதம் அவர் எழுதியது ஒரு பழைய கடிதத்தைப் பற்றி. அவர் அதுவரை வாதாடிவந்த அனைத்தையும் ஒரே பக்கத்தில் நிறுவிக் கொடுத்த கடிதம் அது. அது உண்மையானதுதானா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது என்று அவர் எழுதினார்.

மத விவாதங்களைப் பற்றி யாராவது என்னிடம் "இவர்களுக்கு உண்மையில் அக்கறை இல்லை, வெல்வதில்தான் அக்கறை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வருகிறது. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதும் அதுதான்.

கடிதத்தில் இருந்தது என்ன

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முழுப் பெயர். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் அதை நிறுவினார். மொரோனி என்ற தேவதூதன் தனக்குத் தோன்றி, குன்றில் புதைந்திருந்த பொற்தகடுகளைக் காட்டினான் என்றும், அவற்றிலிருந்து மொழிபெயர்த்ததே மார்மன் புத்தகம் என்றும் அவர் சொன்னார். அந்தப் புத்தகத்தின் முதல் 5,000 படிகளை அச்சிடத் தன் பண்ணையை அடமானம் வைத்தவர் மார்ட்டின் ஹாரிஸ் என்ற பால்மைரா ஊர் விவசாயி. பொற்தகடுகளுக்குச் சாட்சி சொன்ன மூவரில் அவரும் ஒருவர்.

1984இல் வெளிப்பட்ட கடிதம் இந்த ஹாரிஸ் 1830 அக்டோபர் 23 அன்று டபிள்யூ.டபிள்யூ. ஃபெல்ப்ஸ் என்ற பத்திரிகையாசிரியருக்கு எழுதியதாக இருந்தது. அதில் தேவதூதன் இல்லை. தகடுகள் இருந்த குழியின் அடியில் ஒரு வெள்ளைச் சாலமாண்டர் கிடக்கிறது. பல்லியைப் போலத் தோன்றும் நீர்நில உயிரி அது; நெருப்பில் வாழக்கூடியது என்று பழைய ஐரோப்பிய நம்பிக்கை. அது ஆவியாக உருமாறி ஜோசப் ஸ்மித்தை மூன்று முறை அடிக்கிறது. வெளிப்பாடும் வேதமும் இருந்த இடத்தில் புதையல் வேட்டையும் மந்திரமும் நிற்கின்றன.

இளம் வயதில் ஸ்மித் புதையல் தேடுவோருக்குக் கூலிக்கு உதவியவர் என்பது ஆவணங்களில் உள்ள செய்தி. இன்று சபையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் 1984இல் சாதாரண விசுவாசி ஒருவர் ஞாயிறு வகுப்பில் கேட்டறிந்த கதையில் அதற்கு இடமில்லை. ஆகவே கடிதத்தைப் பற்றிய செய்தி பரவியபோது பலருக்குக் காலடி நிலம் ஆடியது.

ஜெரால்டும் சாண்ட்ராவும்

டானர் தம்பதியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்கள் எதை இழந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாண்ட்ரா, ஜோசப் ஸ்மித்துக்குப் பின் சபையை யூட்டாவுக்கு வழிநடத்திய பிரிகாம் யங்கின் எள்ளுப்பேத்தி. ஜெரால்டின் முன்னோரும் தொடக்க கால விசுவாசிகள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் சபையைவிட்டு வெளியேறுவது ஒரு கருத்தை மாற்றிக்கொள்வதோடு முடிவதில்லை. மார்மன் நம்பிக்கையில் குடும்பம் கோயிலில் நித்தியத்துக்கும் சேர்த்துப் பிணைக்கப்படுகிறது. விலகுகிறவர் மறுமையில் தாயின் அருகில் இருக்கும் இடத்தைக் காலியாக்கிவிட்டுப் போகிறார் என்றுதான் உறவினர் உணர்வார்கள்.

அந்த விலையைக் கொடுத்து வெளியேறிய இருவரும் 1959இல் மணந்துகொண்டார்கள். சுவிசேஷக் கிறிஸ்தவர்களாக ஆனார்கள். அரிய மார்மன் ஆவணங்களின் படிகளைத் தேடியெடுத்து வீட்டிலேயே அச்சிட்டு விற்றார்கள். 1983இல் அந்தச் சிறு அச்சகம் ஒரு ஊழிய நிறுவனமாக மாறியது. ஜெரால்ட் கூச்ச சுபாவம் கொண்டவர், பேச்சைவிடப் படிப்பில் மூழ்கியவர். கடைக்கு வருகிறவர்களோடு பேசியது பெரும்பாலும் சாண்ட்ராதான். தங்கள் சொந்தங்கள் தவறான நம்பிக்கையில் ஆத்துமாவை இழந்துவிடக் கூடாது என்பதே இருவரையும் இயக்கிய கவலை. அவர்களுடைய முடிவுகளை ஏற்காதவர்களும் இந்தக் கவலையின் நேர்மையை மறுக்க முடியாது என்பது என் எண்ணம்.

அவர்கள் மொழி எப்போதும் மென்மையாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் பெரிய எழுத்துகள், அடிக்கோடுகள், முரண்பாடுகளின் நீண்ட அடுக்குகள். விசுவாசி ஒருவர் அதைத் திறந்தால் தன் பாட்டியின் புகைப்படத்தின் மேல் யாரோ சிவப்பு மையால் கிறுக்கியதைப் போலத்தான் உணர்ந்திருப்பார். அந்த வலியும் பொய்யானதன்று.

1984இன் தொடக்கத்தில் கடிதத்தின் சில பகுதிகள் ஜெரால்டின் கைக்கு வந்தன. படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. 1834இல் ஈ.டி. ஹோவ் என்பவர் மார்மன்களுக்கு எதிராக ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். ஸ்மித்தின் அண்டை வீட்டார் கொடுத்த வாக்குமூலங்கள் அதில் உண்டு. அவற்றில் ஒன்றில் தேரையைப் போன்ற ஏதோ ஒன்று குழியில் தோன்றி, மனித உருவெடுத்து, ஸ்மித்தை அடிக்கிறது. கடிதத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் ஒற்றுமைகள் மிக நெருக்கமாக இருந்தன. இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். எதிரிகள் 1834இல் அச்சிட்டதை ஒரு விசுவாசியே 1830இல் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்று. அந்தப் புத்தகத்தைப் படித்த ஒருவர் பிற்காலத்தில் கடிதத்தை எழுதியிருக்கிறார் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் ஜெரால்டுக்கு வெற்றி. அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் அவரை உறுத்தியது. மார்ட்டின் ஹாரிஸ் வாயைத் திறந்தால் வேத வசனம் வரும் என்பது அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்த செய்தி. கடிதத்தில் அந்தப் பக்தியின் வாசனையே இல்லை. கடிதம் இத்தனை ஆண்டுகள் எவர் கையில் இருந்தது என்ற கேள்விக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

சாண்ட்ரா அவரோடு உடன்படவில்லை. கடிதம் உண்மையாக இருக்கலாம் என்றே நினைத்தார். ஒரே கடை, ஒரே வீடு, ஒரே ஊழியம். கருத்து மட்டும் இரண்டு. அதை மறைக்காமல் வெளியில் சொன்னார்கள். சபையை விமர்சித்த மற்றவர்களில் பலருக்கு ஜெரால்டின் நிலைப்பாடு எரிச்சலூட்டியது. கையில் இருக்கும் வலுவான சான்றை நாமே ஏன் உடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஜெரால்ட் இப்படிச் செய்தது அது முதல் முறையும் அன்று. 1977இல், மார்மன் புத்தகக் கையெழுத்துப் படியின் சில பக்கங்களில் இருப்பது சாலமன் ஸ்பால்டிங் என்ற பழைய நாவலாசிரியரின் கையெழுத்து என்று சிலர் பரபரப்பாக அறிவித்தார்கள். நாடே பேசியது. டானர் தம்பதி அதை ஆராய்ந்து, பொருந்தவில்லை என்று எழுதினார்கள்.

மறுபக்கத்தில் இருந்தவர்கள்

விசுவாசிகள் தரப்பைச் சொல்லும்போது "மூடி மறைத்தார்கள்" என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிடுவது இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்களின் பழக்கம். நடந்தது அதைவிடச் சிக்கலானது.

கடிதத்தை 1984 ஜனவரியில் 40,000 டாலருக்கு வாங்கியவர் ஸ்டீவன் கிறிஸ்டென்சன். முப்பது வயதை நெருங்கிய வணிகர், உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்பாக ஊழியம் செய்தவர், புத்தகப் பித்தர். தன் நம்பிக்கையைக் குலைக்கக்கூடிய காகிதத்தைத் தன் பணத்தில் வாங்கினார். வாங்கி, பூட்டி வைக்கவில்லை. வரலாற்றாளர்களை அமர்த்தி ஆராயச் சொன்னார். அவர்களில் டீன் ஜெஸ்ஸி, ஜோசப் ஸ்மித்தின் கையெழுத்தை அவரளவு அறிந்தவர் வேறு எவரும் இல்லை என்று பெயர் பெற்ற விசுவாசி. அவரும் கடிதம் உண்மையானது என்றே கருதினார். நம்பிக்கைக்கு இடைஞ்சலான சான்றைத் தன் புலமை சரி என்று சொன்னதால் ஏற்றுக்கொண்ட மனிதர் அவர். பிழை செய்தார்தான். ஆனால் அந்தப் பிழை நேர்மையிலிருந்து வந்தது.

1985 ஏப்ரலில் கிறிஸ்டென்சன் கடிதத்தைச் சபைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். சபை அதன் முழு வாசகத்தையும் தன் சொந்த வார இதழில் வெளியிட்டது. அதோடு வந்த அறிக்கையில் சபைத் தலைவர்களில் ஒருவரான கார்டன் ஹிங்க்லி சொன்னது கவனிக்கத்தக்கது. ஹாரிஸ்தான் எழுதினார் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது; போலிக்கான அடையாளம் இல்லை என்ற நிபுணரின் முடிவை ஏற்கிறோம்; ஆனாலும் சபைக்குப் பகைவர்கள் நிறைந்திருந்த காலத்தில் அது போலியாக எழுதப்பட்டிருக்கலாம் என்றார். அவருடைய ஐயம்கூடப் பழைய பகைவர்களை நோக்கியே சென்றது. கண்ணெதிரில் கைகுலுக்கிய ஆளை நோக்கிச் செல்லவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். 1981இல், ஜோசப் ஸ்மித் தன் மகனையே வாரிசாக ஆசீர்வதித்தார் என்று காட்டும் ஆவணம் ஒன்று சபையின் கைக்கு வந்தது. யூட்டா சபையின் தலைமை உரிமைக்கே எதிரானது அது. மகனைப் பின்பற்றிப் பிரிந்துபோன மறு சபைக்கு ஆதரவானது. யூட்டா சபை அதை வெளியிட்டது. அந்த மறு சபைக்கே கொடுத்தும் விட்டது. மறைப்பதே நோக்கமாக இருந்தவர்கள் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

மறைத்ததும் உண்டு. புதையல் தேடுவதைப் பற்றி ஸ்மித் 1825இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட வேறொரு கடிதத்தை 1983இல் 15,000 டாலருக்கு ஹிங்க்லி வாங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது வெளியே தெரியவில்லை. பத்திரிகைகள் துருவிய பிறகே வெளியிடப்பட்டது. விசுவாசிகள் இடறிவிடக் கூடாது என்ற மேய்ப்பனின் கவலைதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் "இவர்கள் எதையும் மறைப்பார்கள்" என்று நம்பியவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் போதுமான சான்றாகிவிட்டன.

நடுவில் நின்றவன்

இந்த ஆவணங்கள் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தன. மார்க் ஹாஃப்மன், 1954இல் பிறந்தவன், தலைமுறை தலைமுறையாக மார்மன். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டு ஊழியம் செய்து திரும்பியவன். கோயிலில் மணம் முடித்து, பிள்ளைகளோடு ஒவ்வொரு ஞாயிறும் சபைக்குப் போனவன். பதின்ம வயதிலேயே நம்பிக்கையை இழந்துவிட்டதாகப் பின்னாளில் அவனே சொன்னான். அதே வயதில் ஒரு பழைய நாணயத்தில் நாணயச்சாலைக் குறியைப் போலியாகப் பதித்து நிபுணர்களை ஏமாற்றியவன் அவன்.

1980இல் பழைய பைபிள் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே ஒட்டியிருந்த காகிதத்தைக் "கண்டெடுத்தான்". ஸ்மித் தகடுகளிலிருந்து பார்த்து எழுதிய எழுத்துகள் என்று கருதப்பட்ட தாள் அது. அப்போதைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதை உற்றுநோக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. முதியவரின் முகத்தில் இருக்கும் பயபக்தியைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அருகில் ஹாஃப்மன் நிற்கிறான்.

அவன் பிழைத்த விதத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். விசுவாசிகளிடம் போகும்போது, இது விமர்சகர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்காக வேலை செய்தது. விமர்சகர்களிடையே, சபை இதைப் பூட்டி வைக்கப் பார்க்கிறது என்ற ஐயம் அவனுக்காக வேலை செய்தது. ஒவ்வொரு தரப்பும் மறுதரப்பின் உள்நோக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. மையை ஆராய எவருக்கும் அவசரமில்லை. விசுவாசிகளும் விமர்சகர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து "இது எங்கிருந்து வந்தது?" என்று ஒரு முறை கேட்டிருந்தால் அவனால் ஓராண்டுகூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

ஜெரால்டின் ஐயம் அச்சில் வந்த பிறகு, அந்தக் கோடைகாலத்தில் ஹாஃப்மன் டானர்களின் இடத்துக்கு வந்தான். சாண்ட்ராவிடம் பேசினான். மற்றவர்கள் சந்தேகிக்கலாம், நீங்கள் ஏன் சந்தேகிக்கிறீர்கள் என்பது அவன் கேள்வியாக இருந்தது. அவன் மனம் நொந்து நின்றதாகத் தோன்றியது. அவனுக்கு உண்மையிலேயே அது புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். தன் தரப்புக்கு உதவும் பொய்யை ஒருவர் மறுப்பார் என்பது அவன் கணக்கில் இல்லாத ஒன்று.

1984 செப்டம்பரில் சபைக்குச் சொந்தமான நாளிதழே, சபையைக் கடுமையாக விமர்சிக்கும் டானர்கள் இந்தக் கடிதத்தைப் போலி என்று சந்தேகிக்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. அந்த வரி வாசகர் கண்ணில் பட்டது. ஆனால் அதைக் கையிலெடுத்து எவரும் மேலே செல்லவில்லை. விசுவாசிகளுக்கு அவர் எதிரி, எதிரியின் எச்சரிக்கையைக் கேட்பது எப்படி என்ற தயக்கம். கடிதத்தைப் பரிசோதித்த கென்னத் ரெண்டல் போன்ற புகழ்பெற்ற நிபுணர் போலிக்கான அடையாளம் இல்லை என்று சொன்ன பிறகு, படிப்புப் பட்டம் இல்லாத ஒரு வீட்டு அச்சகக்காரரின் சொல் எடுபடவும் இல்லை.

குண்டுகள்

1985 இலையுதிர்காலத்தில் ஹாஃப்மனின் கடன்கள் கழுத்தை நெரித்தன. மார்மன் சபையின் ஆரம்பகால அப்போஸ்தலராக, அதாவது அதன் உயர்தலைவர்களில் ஒருவராக இருந்து விலகிப்போன வில்லியம் மெக்லெல்லினின் நாட்குறிப்புகளும் தாள்களும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 1,85,000 டாலர் வங்கிக் கடன் பெற்றிருந்தான். அவனிடம் அப்படி எதுவும் இல்லை. விற்பனையை முடிக்க வேண்டிய நாள் நெருங்கியது. சரக்கைச் சரிபார்க்க வேண்டியவர் கிறிஸ்டென்சன்.

அக்டோபர் 15 காலை, சால்ட் லேக் சிட்டியில் தன் அலுவலக வாசலில் கிடந்த பொட்டலத்தை எடுத்த ஸ்டீவன் கிறிஸ்டென்சன் குண்டுவெடித்து இறந்தார். சில மணி நேரத்தில் ஹாலடே என்ற புறநகரில், அவருடைய முன்னாள் தொழில் கூட்டாளியின் மனைவி கேத்தி ஷீட்ஸ் வேறொரு பொட்டலத்தால் இறந்தார். கொலைகள் ஒரு தொழில் தகராறால் நடந்ததாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்தப் பெண் கொல்லப்பட்டார். மறுநாள் மூன்றாவது குண்டு ஹாஃப்மனின் காரிலேயே வெடித்தது. அவன் படுகாயத்தோடு பிழைத்தான்.

அந்த நாட்களில் நகரம் எப்படிச் சிந்தித்தது என்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். கடிதத்தைப் பொறுக்காத மதவெறியர் யாரோ செய்திருக்கலாம் என்று சிலர் கிசுகிசுத்தார்கள். சபையின் பகைவர் செய்திருக்கலாம் என்று வேறு சிலர். கடிதத்தை ஆராய்ந்த அறிஞர்கள் அடுத்த பொட்டலம் தங்களுக்குத்தானோ என்று அஞ்சினார்கள். பழகிப்போன சந்தேகம் பழகிப்போன திசையிலேயே ஓடியது.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் இரண்டு தடயவியல் நிபுணர்கள்: ஜார்ஜ் த்ராக்மார்ட்டன் ஒரு மார்மன், வில்லியம் ஃப்ளின் மார்மன் அல்லாதவர், அரிசோனாவிலிருந்து வந்தவர். முடிவை எந்தத் தரப்பும் குறை சொல்லக் கூடாது என்பதால் இருவரும் சேர்ந்து வேலை செய்தது பெரிதும் உதவியது. ஹாஃப்மனின் கை வழியே வந்த ஆவணங்களின் மையை நுண்ணோக்கியில் பார்த்தபோது அது முதலைத் தோலைப் போல வெடித்துக் கிடந்தது. அதே காலத்து மற்ற ஆவணங்களில் அந்த வெடிப்பு இல்லை. ஃப்ளின் பழைய முறைப்படி இரும்பு மை காய்ச்சினார், அதில் பிசின் சேர்த்தார், வேதிப்பொருளால் செயற்கையாக முதுமையூட்டினார். அதே வெடிப்பு வந்தது. விசுவாசியும் விசுவாசமில்லாதவரும் ஒரே கண்ணாடி வழியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

1987 ஜனவரியில் ஹாஃப்மன் இரண்டு கொலைகளையும் மோசடிகளையும் ஒப்புக்கொண்டான். ஆயுள் தண்டனை பெற்று யூட்டா சிறையில் இருக்கிறான்.

பிறகு

அந்த ஆகஸ்டில் டாலின் ஓக்ஸ் என்ற அப்போஸ்தலர், முன்பு நீதிபதியாக இருந்தவர், ஒரு கருத்தரங்கில் விளக்கம் கொடுத்தார். கொலைகள் நடந்த அதே நாளில் ஹாஃப்மனை நேரில் சந்தித்துப் பேசியவர் அவர். ஊழியக்காரர்கள் மனிதரை நம்பிக்கையோடும் அன்போடும்தான் அணுகுகிறோம், வருகிறவர் ஒவ்வொருவரையும் ஐயத்தோடு பார்க்க முடியாது, சில நேரம் ஏமாறுகிறோம் என்பது அவர் பேச்சின் சாரம். தீர்க்கதரிசிகள் என்று நம்பப்படுகிறவர்கள் ஒரு பொய்யனை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற விமர்சகர்களின் கேள்விக்கு இது முழுப் பதிலாகாது. அந்தக் கேள்வி நியாயமானது, இன்றும் நிற்கிறது. ஆனால் ஓக்ஸ் தான் எப்படி வாழ்கிறார் என்பதைத்தான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொரு செய்தி 1992இல் வெளிவந்தது. உண்மையான மெக்லெல்லின் நாட்குறிப்புகள் 1908 முதல் சபையின் காப்பறையிலேயே கிடந்திருக்கின்றன. எவருக்கும் நினைவில்லை. 1986இல் கண்டுபிடித்தபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்போதும் வெளியே சொல்லவில்லை. இதைச் சபையின் வரலாற்றுத் துறை அதிகாரி ஒருவரே ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தன் புத்தகத்தில் வெளிப்படுத்தினார். அந்த மௌனத்தை நான் சரி என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இறந்த வழக்கு அது. நாட்குறிப்புகள் 1994இல் அச்சில் வந்தன.

விமர்சகர்கள் தரப்பிலும் கணக்கு பாக்கி இருந்தது. கடிதத்தை நம்பிச் சபையைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. "பார், உங்கள் தேவதூதன் ஒரு பல்லி" என்று உறவினர் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். 1987க்குப் பிறகு அவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை.

ஜெரால்ட் டானர் தன் பணியை நிறுத்தவில்லை, சபையைப் பற்றிய தன் முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஞாபகமறதி நோயால் வாடி 2006இல் இறந்தார். சாண்ட்ரா அதே கடையை 2023 வரை நடத்தினார். விலகியவர்கள், விலகலாமா என்று தவித்தவர்கள், அவரை மறுத்துப் பேச வந்த இளம் ஊழியக்காரர்கள் என எல்லோரும் அந்தக் கதவு வழியே வந்திருக்கிறார்கள். சாலமாண்டர் கடிதத்தைப் பற்றி யாராவது கேட்டால், கணவர் சரியாகப் பார்த்தார், நான்தான் தவறாக நினைத்தேன் என்று அவர் சொல்வார்.